தேக்குப் புழுவோடு மூன்று வாரம்: ஒரே மரத்தில் ஓர் அந்துப்பூச்சியைப் பின்தொடர்வது எப்படி

எங்கள் தோட்டத்து வரப்பில் 37 தேக்கு மரங்கள் நிற்கின்றன. எல்லாம் மாமா வைத்தவை. ஊர் சேத்துமடைக்குப் பக்கம், ஆனைமலை அடிவாரம். நான் கல்யாணமாகி வந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், நாலு நாள் முன்பு வரை குடை மாதிரி விரிந்து நின்ற மரங்களில் நரம்பு மட்டும்தான் மிச்சம். "புழு வந்துருச்சு அம்மணி, தானாப் போயிரும்" என்றார் மாமா. எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்தப் பதிலைத் தேடி நாலு வருடம் தப்புத் தப்பாகப் பார்த்தேன். என் தப்பு ஒன்றே ஒன்றுதான். இலையில் ஓட்டை விழுந்த பிறகு மரத்தடிக்குப் போனேன். ஓட்டை கண்ணில் படும்போது இந்தப் பூச்சியின் கதையில் முக்கால்வாசி முடிந்திருக்கும். ஆகவே நான் சொல்லப்போகும் முறை ஓட்டைக்கு முன்னால் தொடங்குகிறது, மழையிலிருந்து.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். புத்தகப் பெயர் ஹிப்ளேயா பியூரா. பீட்டர் கிரேமர் 1777இல் வைத்த பெயர். நாங்கள் சொல்வது தேக்குப் புழு, அவ்வளவுதான். பூச்சி சின்னது, இறக்கையை முழுக்க விரித்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது முன்னிறக்கை கூரை போல மூடிக்கொள்ளும். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சருகில் உட்கார்ந்தால் சருகேதான். பின்னிறக்கையைப் பார்த்தால்தான் இன்னார் என்று உறுதியாகும். கருமை படிந்த இறக்கையில் ஆரஞ்சு மஞ்சளில் திட்டுகள் இருக்கும். அதுவும் பறக்கும்போது ஒரு கணம் தெரியும், உட்கார்ந்ததும் மறைந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம்.

கோடை மழை விழுந்த தேதியை நோட்டில் எழுதுங்கள். முதல் தூறலைச் சொல்லவில்லை, மண் நனைந்து வாசம் அடித்த மழையைச் சொல்கிறேன். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் தேக்கு அந்த மழைக்கு அப்புறம் வேகமாகத் தளிர்விடும். தளிர் உள்ளங்கை அகலம் வந்ததும் தினமும் போகத் தொடங்குங்கள். அந்த வயதில் இலையைக் கசக்கினால் கை சிவக்கும், பிள்ளைகள் மருதாணி என்று விளையாடுவார்கள். தாய்ப்பூச்சிக்கு வேண்டியதும் இதே வயது இலைதான். முற்றிப்போன இலையில் முட்டை வைத்தால், பொரித்து வரும் குஞ்சுப்புழுவால் அதைக் கடிக்க முடியாது.

எந்த மரம் என்பது முக்கியம். 40 அடி மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்து ஒன்றும் கிடைக்காது. நான் பார்ப்பது ஒரு வெட்டிய கட்டை. வேலிக்கு இடைஞ்சலாக இருந்ததால் வெட்டிய மரம் அது. வருடாவருடம் அடியிலிருந்து நாலைந்து போத்து கிளம்புகிறது. இலையெல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கும், முற்றத்தில் அமர்ந்து பார்க்கிற மாதிரி வசதி. அப்படி இல்லையென்றால் இரண்டு மூன்று வயது கன்று போதும். காட்டுக்குள் போக வேண்டாம். டாப்சிலிப் பக்கம் தேக்குக்குக் குறைவில்லைதான், ஆனால் அது புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் கூடாது, அங்கிருந்து ஒரு புழுவை எடுத்து வருவதும் கூடாது. வரப்பு மரத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முட்டை தேடுவதுதான் பொறுமையான வேலை. இலையின் அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, ஒற்றை ஒற்றையாக வைத்திருக்கும். குவியலாகத் தேடினால் கிடைக்காது. தட்டையான, நீள்வட்டமான, வெள்ளை முட்டை. நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு. தேக்கு இலையின் அடியில் மெல்லிய சுனை வேறு உண்டு, அதற்குள் அது ஒளிந்துகொள்ளும். நான் கண்டுபிடித்த வழி: காலை எட்டு மணிக்கு முன்னால், வெயில் சாய்ந்து விழும்போது, இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பி, மொபைல் கேமராவைப் பெரிதாக்கி நரம்போடு நகர்த்துவது. சுனையின் மேல் சின்னதாக ஒரு மினுமினுப்பு தெரிந்தால் அதுதான். இப்படி ஒரு இலையில் பதினொன்று வரை எண்ணியிருக்கிறேன். ஒரு தாய்ப்பூச்சி ஏறத்தாழ 500 முட்டை வைக்கும். அத்தனையையும் இருட்டில், இலைக்கு இலை தாவித் தாவி, தனித்தனியாக வைத்துவிட்டுப் போகிறது என்று நினைத்தால் எனக்குக் கால் வலிக்கிறது.

முட்டை உள்ள இலைக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நோட்டில் தேதி எழுதுங்கள். இரண்டு நாளில் பொரித்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நூல் மாதிரி ஒரு புழு நரம்போரப் பள்ளத்தில் படுத்து, மேலே நாலு இழை பட்டுநூலைக் கட்டிக்கொண்டு, இலையின் பச்சையை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்கும். இலை இன்னும் முழுசாகவே இருக்கும். ரோட்டில் போகிறவர்கள் "இந்த வருசம் புழு இல்லீங்க போல" என்பார்கள். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம் வருகிறது நான் ஒவ்வொரு வருடமும் காத்திருக்கும் காட்சி. கொஞ்சம் வளர்ந்த புழு இலையோரத்துக்கு வந்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வெட்டு வெட்டுகிறது. சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் தபால் தலையைவிடச் சின்னதாக ஒரு துண்டு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு தலையை இங்கும் அங்கும் ஆட்டி, துண்டிலிருந்து இலைக்கு நூல் இழுக்கும். ஒரு இழையால் ஒன்றும் ஆகாது. பத்து, இருபது, முப்பது என்று இழை சேரச் சேர, துண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எழும்புகிறது. சாய்கிறது. கடைசியில் மூடி மாதிரிக் கவிழ்ந்துவிடுகிறது. புழு உள்ளே. நான் ஒருமுறை மர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துப் போனது, அது தனிக்கதை. இந்த மடிப்புதான் அதன் வீடு. பறவைக்கும் வெயிலுக்கும் மறைவு. உள்ளிருந்தபடியே சுற்றிலும் தின்னும், பெரிதானதும் விட்டுவிட்டு வேறு மடிப்பு கட்டும். உங்கள் மரத்தில் இலையோரம் இப்படி மூடி மூடியாகத் தெரிந்தால், ஊருக்கு இன்னும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மடிப்பைக் குச்சியால் மெல்லத் திறந்து நிறத்தைப் பாருங்கள். கூட்டமாக இருக்கும் வருடத்தில் புழு கருப்பாக இருக்கும். முதுகில் நீளவாக்கில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடும். ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் காலத்தில் அதே புழு பச்சையாக இருக்கும். முதல் முறை பச்சையைப் பார்த்து வேறு இனம் என்று நோட்டில் எழுதி, பின்னால் அடித்துத் திருத்தினேன். கம்பளிப்பூச்சி போல அடர்ந்த முடி கிடையாது. கையில் ஏற்றி விளையாடியிருக்கிறேன், அரிப்பு வந்ததில்லை.

ஐந்து பருவம் வளர்கிறது. நான்கு முறை தோல் உரிக்கும். நம்முடைய சூட்டில் இது 10 முதல் 12 நாளில் முடிந்துவிடும், குளிர் அதிகமானால் நீளும். இந்த நாள்களில் புழுவை எண்ணாதீர்கள், புழுக்கையை எண்ணுங்கள். மாலையில் மரத்தடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். காலையில் போய் ஒரு சாண் சதுரத்தில் விழுந்ததை மட்டும் எண்ணி எழுதினால் போதும். முதலில் கடுகைவிடச் சின்னதாக இருக்கும். ஒரு வாரத்தில் மிளகுக்கு வந்துவிடும். எண்ணிக்கை ஒரு பக்கம், பருமன் ஒரு பக்கம். இரண்டையும் பார்த்தால் மேலே எந்த வயசுப் புழு எவ்வளவு இருக்கிறது என்று ஏணி வைக்காமலே சொல்லிவிடலாம். புழு நிறைந்த வருடத்தில் இரவு பத்து மணிக்கு மரத்தடியில் நின்றால் சருகின் மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். வானத்தைப் பார்த்தால் நட்சத்திரம். அந்தச் சத்தம் முழுக்கப் புழுக்கைதான்.

வீட்டில் வளர்த்துப் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். மரத்தில் பாதி, டப்பாவில் பாதி என்று பார்த்தால்தான் கதை முழுதாகும். முதல் வருடம் ஹார்லிக்ஸ் பாட்டிலை இறுக மூடி வைத்தேன். மூன்றாம் நாள் உள்பக்கம் வியர்த்து, இலை அழுகி, எட்டுப் புழுவும் செத்துவிட்டன. அடுத்த வருடம் துணி கட்டினேன், எறும்பு வந்தது. இப்போது செய்வது இது. அகலமான டப்பா, அடியில் மடித்த செய்தித்தாள், வாயில் பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட். டப்பாவை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கல் வைத்து அதன்மேல் வையுங்கள், எறும்பு ஏறாது. ஒரு டப்பாவுக்கு நாலு புழுவுக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் புதுத்தளிர் போட்டு, பழையதையும் புழுக்கையையும் எடுத்துவிடுங்கள். புழுவை விரலால் பிடித்து இழுக்காதீர்கள். பழைய இலைத் துண்டோடு சேர்த்துப் புது இலைமேல் வைத்தால் தானே மாறிக்கொள்ளும். தோல் உரிக்கப் போகும் புழு அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

சில புழுக்கள் உண்மையிலேயே சாகும். உடம்பு தளர்ந்து, தொட்டால் தோல் கிழிந்து பால் போல நீர் வழிந்தால், அது வைரஸ் நோய். உடனே அந்த டப்பாவையே அப்புறப்படுத்திச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் மற்ற டப்பாக்களுக்குப் பரவும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் இதே வைரஸை வைத்துத்தான் தேக்குப் புழுவுக்கு ஒரு தெளிப்பு மருந்தே தயாரித்தார்கள். இந்தப் பூச்சியைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது. 1840களில் கன்னோலி என்ற மலபார் கலெக்டர் தேக்கு நட ஆரம்பித்த அதே நிலம்பூர்தான்.

இன்னொரு சாவு எனக்கு மறக்காது. மூன்றாவது வருடம் நன்றாகத் தின்று கொழுத்த புழு ஒன்று, கூடு கட்டப்போகிறது என்று காத்திருந்தேன். மறுநாள் புழு வாடிய தோலாகக் கிடந்தது, பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன உருளை. என்னவென்று தெரியாமல் அப்படியே வைத்தேன். சில நாள் கழித்து அதிலிருந்து முடி விறைத்த ஈ ஒன்று வெளியே வந்து துணியில் முட்டிக்கொண்டிருந்தது. புழுவின் உடம்புக்குள்ளேயே ஈயின் புழு வளர்ந்திருக்கிறது. அந்துப்பூச்சி வராமல் ஈ வந்ததால் தோற்றுவிட்டோம் என்று டப்பாவைக் கொட்டிவிடாதீர்கள். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி எழுதுங்கள். காட்டில் இந்தப் புழுவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறவர்களில் அந்த ஈயும் ஒருவர்.

வளர்ந்து முடித்த புழு மரத்தில் தங்காது. நூல் விட்டு இறங்கும். காலை நேரத்தில் மரத்தடியில் நடந்தால் முகத்தில் நூல் படும். மைனாவும் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் அன்று விருந்துக்கு வந்தது போல மரத்தையே சுற்றும். தப்பி இறங்கியது சருகுக்குள் புகுந்து, இரண்டு சருகை ஒட்டியோ மண்துகளைச் சேர்த்தோ நூலால் மெல்லிய கூடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகும். அதைத் தேட மண்ணைத் தோண்ட வேண்டாம். மேல் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டினாலே போதும். ஜாவாவில் தேக்குக் காட்டோரத்து மக்கள் மழைக்காலத் தொடக்கத்தில் இந்தக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் இதைச் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை. டப்பாவில் இருப்பவற்றுக்கு இந்தச் சமயம் ஒரு பிடி உலர்ந்த சருகு போடுங்கள். தொடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு நாள்.

பூச்சி பெரும்பாலும் இரவில் வெளிவரும். ஈரமாய்ச் சுருங்கிய இறக்கையோடு துணியில் ஏறித் தொங்கும், ஏறுவதற்குச் சொரசொரப்பான இடம் இல்லாவிட்டால் இறக்கை விரியாமல் முடமாகிவிடும். ஆகவே பக்கவாட்டிலும் ஒரு துணிக்கீற்றைத் தொங்கவிடுங்கள். ஒரு நாள் வைத்துப் பார்க்க ஆசையென்றால் பஞ்சில் தேனும் தண்ணீரும் நனைத்து வையுங்கள், உறிஞ்சும். பின்னிறக்கையின் ஆரஞ்சுத் திட்டைப் படம் எடுத்துவிட்டு மறுநாள் அந்தியில் திறந்துவிடுங்கள். முட்டை கண்ட நாளையும் இந்த நாளையும் கழித்துப் பாருங்கள். என் நோட்டில் மிகக் குறைந்தது 19, மிக அதிகம் 24 நாள்.

ஒரு எச்சரிக்கை. தேக்கு இலை தின்கிற எல்லாமே இது இல்லை. மழைக்காலம் முடிகிற சமயம், முற்றின இலையில், நரம்பையெல்லாம் விட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்று இலையைக் கொசுவலை மாதிரி ஆக்கும் புழு வேறு. அதன் பூச்சி இன்னும் சின்னது, மஞ்சளில் செந்நிற அலைக்கோடு போட்டிருக்கும். தளிரில், மழைக்கு முன்னும் பின்னும், பெரிய நரம்பை மட்டும் விட்டு மொத்தமாகத் தின்பதுதான் நம்முடையது.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஒரு டேங்க் அடிச்சுப் போடுங், எதுக்கு வேடிக்கை பார்த்துக்கிட்டு" என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நிலம்பூரில் இளந்தேக்கில் நடந்த ஆய்வில், புழு தின்ற மரங்கள் பருக்க வேண்டிய அளவில் 44 சதவீதத்தை இழந்தன. மரம் சாகாது, ஆனால் பருமன் ஏறாது. விற்பதற்காக ஏக்கர் கணக்கில் வைத்தவருக்கு அது பெரிய கணக்கு. ஆனால் மரம் மொட்டையான பிறகு அடிப்பது வீண்செலவு. அப்போது புழு மரத்திலேயே இருக்காது, சருகுக்குள் போயிருக்கும். சாவது ஈயும் குளவியும்தான். எங்களுக்கு 37 மரம். நான் அடிப்பதில்லை.

மாமாவிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போவது எங்கே? சருகிலிருந்து எழும்பிய பூச்சிகள் பகலில் வரப்போரச் செடிகளில் ஒண்டியிருக்கும். காலால் தட்டினால் குபீரென்று கிளம்பி பத்தடி தள்ளி மறுபடி உட்காரும். இரண்டொரு நாளில் அதுவும் இல்லை. தின்று தீர்த்த மரத்தில் குஞ்சுக்கு உணவில்லை, கூட்டமாகவே இடம் பெயர்ந்துவிடுகின்றன. ஆகவே பூச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் கூடு கண்ட நாளிலிருந்து ஏழாவது எட்டாவது நாள் அந்தியில் வரப்பில் நில்லுங்கள். ஒருநாள் தள்ளிப் போனாலும் வெறும் செடிதான். மரம் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழைத்துவிடும்.

வருடத்தின் மிச்ச மாதங்களுக்கு ஒரு வேலை உண்டு. இது தேக்கை மட்டும் நம்பி வாழும் பூச்சி இல்லை. நொச்சியிலும் மரமல்லியிலும் இன்னும் பல செடிகளிலும் தின்னும். எங்கள் கிணற்று மேட்டில் ஒரு நொச்சிப் புதர் இருக்கிறது. போன அக்டோபரில் துணி காயப்போட்டுவிட்டு வரும்போது சும்மா ஒரு கொத்தைத் திருப்பினேன். இரண்டு இலையை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே ஒற்றையாக ஒன்று. பச்சை நிறம். டப்பாவில் போட்டேன், பன்னிரண்டாம் நாள் பின்னிறக்கையில் ஆரஞ்சுத் திட்டோடு வந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதா அது?" என்று கேட்டார். "இதேதானுங்க மாமா" என்றேன்.